'பொறி'க்கு எது முதற்பொருள்? அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். கையகராதிகள் பலவற்றில் 'பொறி' என்று தேடினால் இயந்திரம், கண்ணி, நெருப்புத் துகள், ஐம்பொறி, அடையாளம், ஊழ் என்று காற்புள்ளி போட்டு அடுக்கியிருக்கிறீர்கள். எது மூத்தது, எந்தப் பொருள் எந்த நூலில் ஆளப்பட்டிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அடையாளம் பதிப்பது என்ற பொருளை முன்னே வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சான்றுக்குப் புகார்த் துறைமுகத்துக்கே, அதாவது காவிரிப்பூம்பட்டினத்துக்கே போகலாம். அங்கே மலைபோல் குவிந்த பண்டங்களுக்குச் சுங்கம் கொள்ளும் அதிகாரிகள் 'புலி பொறித்துப் புறம் போக்கி' என்கிறது பட்டினப்பாலை. சோழரின் புலி முத்திரை விழுந்த பிறகுதான் மூட்டை நகரும். அதே ஊரின் பண்டசாலையைச் சொல்லும் சிலப்பதிகாரம், வணிகர் 'தம்பெயர் பொறித்த' பொதிகளைக் காட்டுகிறது. அரசன் முத்திரை ஒரு பக்கம், உடையவன் பெயர் ஒரு பக்கம். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். புறநானூறு 39ஆம் பாட்டிலோ சேரனின் 'விற்பொறி' இமயத்தின் மேலேயே ஏறிவிடுகிறது. பாம்பு விரிக்கும் படத்தில் உள்ள புள்ளிக்கும் பொறி என்றே பெயர். அதை யாரும் பதிக்கவில்லை, ஆனாலும் பதித்ததுபோல் கிடக்கிறது.

ஊழ் என்ற பொருளைத்தான் விளக்காமல் விட்டிருக்கக் கூடாது. 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்ற குறளில் (618) பரிமேலழகர் விதி என்கிறார். இக்கால உரைகள் சில உடலுறுப்பு என்கின்றன. உங்கள் அகராதியைப் பார்க்கும் மாணவனுக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது. 'தலையெழுத்து' என்று இன்றும் சொல்கிறோமே, விதியை ஒரு பதிவாகப் பார்க்கும் அந்தப் பழக்கத்தோடு சேர்த்துப் படித்தால் பரிமேலழகர் உரை அவனுக்கு அந்நியமாக இராது. இது என் கருத்து. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

இயந்திரப் பொருளும் நேற்று வந்ததல்ல. மதுரைக் கோட்டையின் 'வளைவிற் பொறி', அதாவது தானே வளைந்து எய்யும் வில் இயந்திரம், சிலம்பிலேயே உண்டு. பொறியியல் மாணவர்களுக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

எண்ணெயில் வேகும் 'பொரி'க்கும் இந்தப் 'பொறி'க்கும் உள்ள வேறுபாட்டையும் பதிவிலேயே எச்சரிக்கையாகப் போடுங்கள். உணவகப் பலகைகளில் 'பொறித்த கோழி' நிரந்தரமாகிவிட்டது. பட்டினப்பாலை படித்தவனுக்கு அந்தக் கோழியின் முதுகில் புலிச் சின்னம்தான் தெரிகிறது.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பொருளோடு மேற்கோளையும் தந்தது. அச்சுத்தாளைச் சிக்கனம் பிடிக்கவேண்டிய காலத்திலேயே அதைச் செய்தார்கள். இணையப் பதிப்பில் உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அடுத்த திருத்தத்தில் 'பொறி'யின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மேற்கோளாவது சேருங்கள். வேர்ச்சொல் என்று எதையேனும் காட்டுவதானால், அது ஊகமா உறுதியா என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அகராதிகளை நாள்தோறும் புரட்டும் ஒரு வாசகன்