ஞாயிறு காலை: நினைவுகளை ஒட்டுவோம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளோடு காகித ஒட்டோவியம் செய்கிறோம். ஒவ்வொருவருக்கும் மனத்தில் நிற்கும் ஓர் இடம்தான் பொருள். தாத்தா வீட்டுத் திண்ணை, ஊர்த் திருவிழா, பழைய வகுப்பறை என எதுவும் ஆகலாம்.

அமெரிக்க ஓவியர் ரோமாரே பியர்டன் 1960-களில் வட கரோலினாவின் சிறுவயது நினைவுகளை, இதழ்களில் வெட்டிய படத் துண்டுகளையும் வண்ணத் தாள்களையும் ஒட்டியே படமாக்கினார். அவற்றில் பல மனிதர்களின் கைகள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். பிள்ளைகளும் அப்படியே செய்யட்டும். பாட்டியின் முறுக்கு டப்பா வீட்டைவிடப் பெரிதாக வந்தால், தயவுசெய்து திருத்தாதீர்கள். நினைவில் அது அவ்வளவு பெரியது!

பழைய நாள்காட்டி, திருமண அழைப்பிதழ், புடவைக் கடைப் பை, வார இதழ்கள் கொண்டுவாருங்கள். குடும்பப் புகைப்படம் என்றால் நகல் மட்டும். இயந்திரத்தில் அச்சாகும் பஸ் டிக்கெட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், அதையும் நகலெடுத்துவிடுங்கள்.

மைதாப் பசையை நானே காய்ச்சிக் கொண்டுவருகிறேன். சுவரொட்டிப் பசையில் சேர்க்கும் மயில்துத்தம் நஞ்சு என்பதால் அது இதில் இருக்காது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் மட்டும் அவரவர் கொடுத்தனுப்புங்கள்.

வருபவர்கள் வெள்ளி மாலைக்குள் பிள்ளையின் பெயரையும் வயதையும் இங்கே பதிவிடுங்கள். அட்டை வாங்க வேண்டும்.