வைஃபை பிரிண்டர்: தவறான பிழைச் செய்தியால் ஒன்பது நாள் அலைந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டு டியூஷன் ஆசிரியை,
பாயான் பாரு, பினாங்கு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். கொம்தார் பக்கத்துக் கணினிக் கடையில் 329 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து உங்கள் வயர்லெஸ் பிரிண்டரை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் ஒன்பது நாளும் அது மேசையில் துண்டு போர்த்திக் கிடந்தது. இப்போது நன்றாக அச்சடிக்கிறது. பொருளின் மேல் எனக்குக் குறை இல்லை. அந்த ஒன்பது நாளும் உங்கள் செயலி என்னிடம் சொன்ன பொய்தான் என் குறை.

எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வின் தமிழ்மொழிப் பாடத்துக்கு வீட்டில் 18 பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளியில் சோதனைத் தேர்வு நெருங்கியதால்தான் அவசரமாகப் பிரிண்டர் வாங்கினேன். செயலியைக் கைப்பேசியில் இறக்கியதும் அது பிரிண்டரைக் கண்டுபிடித்தது. 5ஜி என்று முடியும் எங்கள் வீட்டு வைஃபை பெயரைத் தானே நிரப்பிக்கொண்டு, கடவுச்சொல்லை மட்டும் கேட்டது. கொடுத்தேன். நீல விளக்கு இரண்டு நிமிடம் போல மினுக்கியது. பிறகு, “இணைக்க முடியவில்லை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும்” என்று வந்தது.

சரிபார்த்தேன். மகள் ஓர் எழுத்து, ஓர் எழுத்தாகப் படிக்க, நான் தட்டினேன். அதே செய்தி. சரி, கடவுச்சொல்லில்தான் ஏதோ கோளாறு என்று அதையே மாற்றினேன். மாற்றியதும் வீட்டில் இருந்த மற்றதெல்லாம் அறுந்து போனது. மாமியார் அறைத் தொலைக்காட்சி, சரியாகச் சீரியல் நேரத்தில். அன்று இரவு எனக்குக் கிடைத்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது. பிரிண்டர் மட்டும் அசையவில்லை.

உங்கள் உதவி எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். முதல் முறை, அணைத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாம் முறை, ரீசெட் செய்யச் சொன்னார்கள். மூன்றாம் முறை பேசியவர், “உங்கள் வட்டாரத்தில் 5ஜி கவரேஜ் போதவில்லை போலிருக்கிறது, புது ரூட்டர் வாங்கிப் பாருங்கள்” என்றார். தொலைபேசிக் கோபுரத்தின் 5ஜி வேறு, வீட்டு ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேறு என்பது அன்று எனக்கும் தெரியாது. ஆனால் நான் பிரிண்டர் விற்கவில்லையே.

முடிச்சை அவிழ்த்தது எதிர்வீட்டுத் தம்பி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் என் கைப்பேசியைத் தொடவே இல்லை. பிரிண்டரில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். ஒரு தாள் வெளியே வந்தது. பிரிண்டர் கண்ணுக்குத் தெரிகிற வைஃபை பெயர்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. எங்கள் அடுக்குமாடியில் யாரோ ‘ஜாங்ஙான் சூரி’ (மலாயில் ‘திருடாதே’) என்று பெயர் வைத்திருப்பதுகூட அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெயரும் இருந்தது, 5ஜி என்ற வால் இல்லாமல். வால் உள்ள பெயர் எங்குமே இல்லை.

“அக்கா, இது 2.4 மட்டும்தான் பிடிக்கும். உங்க ஃபோன் 5-ல இருக்கு,” என்றான்.

எங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறதாம். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்து விடும். 2.4 மெதுவானது, சிமெண்டுச் சுவரைத் தாண்டி அடுத்த அறைவரை வரும். தாள் அச்சடிக்க அந்த வேகமே தாராளம். ஆக, 2.4 மட்டும் பிடிக்கும் பிரிண்டரை நீங்கள் விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கைப்பேசியை வால் இல்லாத பெயருக்கு மாற்றி, செயலியை மறுபடி ஓட்டினான். நீல விளக்கு நிலைத்து நின்றது. பிறகு கைப்பேசியைப் பழையபடி 5-க்கே கொண்டுபோனோம். அப்போதும் அச்சானது, இரண்டும் ஒரே ரூட்டரின் கீழ் ஒரே நெட்வொர்க்தானே. ஒரு கிளாஸ் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

எனக்கு ஆறாதது இதுதான். அந்தப் பெயர் தனக்குத் தெரியவில்லை என்பது உங்கள் பிரிண்டருக்கு முதல் நாளே தெரியும். தாளில் அச்சடித்தே காட்டியது. உங்கள் செயலியோ தெரியாத வைஃபையைத் தானே நிரப்பிவிட்டு, பழியை என் கடவுச்சொல் மேல் போட்டது. பெட்டியின் முன்பக்கம் ‘வைஃபை’ என்று விரல் நீளத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். ‘2.4 கிகாஹெர்ட்ஸ்’ என்பது அடிப்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே, என் மூக்குக் கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில் இருக்கிறது. கேபிள் போட்டாவது சமாளித்திருப்பேன். யூஎஸ்பி கேபிளைப் பெட்டியில் வைக்கவில்லை.

அந்த வாரம் 18 பிள்ளைகளுக்குத் தலா 13 பக்கம், பக்கம் 20 சென் என்று வெளிக்கடையில் நகலெடுத்தேன். 46 வெள்ளி 80 சென். இந்தத் தொகையை நீங்கள் திருப்பித் தர வேண்டும். செயலியின் செய்தியைத் திருத்த வேண்டும்: “இந்த வைஃபையைப் பிரிண்டரால் பிடிக்க முடியாது, கைப்பேசியை 2.4-க்கு மாற்றுங்கள்” என்றால் போதும். பெட்டியின் முன்பக்கத்திலும் அதைப் போடுங்கள். உதவி எண்ணில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்; அடுத்தவர் வீணாகப் புது ரூட்டர் வாங்க வேண்டாம்.

14 நாளில் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். அங்கே கட்டணம் 5 வெள்ளி, வக்கீலும் தேவையில்லை. மனுப் படிவத்தைப் பிரிண்டரிலேயே அச்சடித்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பிரிண்டர் ரசீது, நகல் கடை ரசீது, பிரிண்டர் அச்சடித்துத் தந்த வைஃபை பட்டியல்.