கோரஸ் யாராகப் பாடுகிறது?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சொட்டு மருந்து விடுவதற்காக ராத்திரியிலும் எழுந்துகொண்டிருந்தேன், அதனால்தான் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறார், பைபிளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கப் பார்க்கிறார். உன் பெண்ணுக்கு இடம் அமைந்துவிட்டது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

அந்த விழிப்பு ராத்திரிகளில் உன் கேள்விக்கு உட்கார்ந்து வேலை பார்த்தேன். பெரிய வெள்ளிக்கு முன்னால் கொயர் பிள்ளைகளுக்குப் பாஹின் மத்தேயு பாடுகளை, மத்தேயு சுவிசேஷத்தின்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அந்தப் பெரிய இசைப் படைப்பை, போட்டுக் காட்ட எந்த ரெக்கார்டிங் நல்லது என்று கேட்டிருந்தாய். கேட்டாயே தவிர, பதிலையும் நீயே எழுதிவிட்டாய்: க்ளெம்பரர் நடத்தியதுதான்.

புரிகிறது. ஹாஸ்டல் அறையில் நாம் முதலில் கேட்டது அந்த 1961ஆம் வருடப் பதிவுதானே. தொடக்கக் கோரஸ் பதினோரு நிமிடத்துக்கு மேல் போகும், பெரிய தேர் நிலையை விட்டு நகர்வதைப் போல. அந்தக் கனம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபோது ஒன்று உறுத்தியது. பாஹ் அங்கே இரண்டு பாடகர் குழுக்களை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒன்று ‘வாருங்கள், பாருங்கள்’ என்று அழைக்கும். மற்றது ‘யாரை? எப்படி? எங்கே?’ என்று குறுக்கே கேட்கும். இரண்டுக்கும் மேலே சோப்ரானோக்கள், அதாவது உச்சக்குரல்காரர்கள், மட்டும் தனியாக ‘குற்றமற்ற தேவ ஆட்டுக்குட்டியே’ என்ற பழைய கீர்த்தனையைப் பாடுவார்கள். அந்த ‘எங்கே?’ திடுக்கிட்டு விழ வேண்டிய கேள்வி. க்ளெம்பரரின் வேகத்தில் அது பெருமூச்சாகிவிடுகிறது. கார்டினர் நடத்திய 1988 பதிவில் இதே கோரஸ் ஏழு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். கேள்வி கேள்வியாகவே வந்து விழுகிறது.

இதனால் வேகமாகப் பாடுவதே சரி என்று நான் சொல்வதாக நினைக்காதே. வேகத்தையோ ஆள் எண்ணிக்கையையோ வைத்து ஒரு பதிவை எடைபோடுவதை விட்டுவிட்டேன். நான் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த நிமிடத்தில் தான் யார் என்று கோரஸுக்குத் தெரிந்திருக்கிறதா? மத்தேயு பாடுகளில் அதே வாய்கள்தான் சீஷர்களாகவும் கூச்சல் போடும் ஜனமாகவும் பாடவேண்டும், அடுத்த நொடி கோயிலில் உட்கார்ந்திருக்கும் சபையாகவும் மாறவேண்டும்.

இதைப் பார்க்க ஒரு சின்ன இடம் போதும். கடைசி இராப்போஜனத்தில், ‘உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்றதும் ‘ஆண்டவரே, நானோ, நானோ’ என்று சீஷர்கள் பதறும் இடம். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ‘ஆண்டவரே’ என்ற சொல் அதில் 11 முறை வருகிறது, யூதாஸைத் தவிர்த்து ஆளுக்கு ஒன்றாக. உடனே கோரல், அதாவது சபை பாடும் பாட்டு, வருகிறது: ‘நான்தான், தண்டனை எனக்குத்தான் வரவேண்டும்’. கேள்வி கேட்டது சீஷர்கள், பதில் சொல்வது நாம். பல நல்ல பதிவுகள்கூட இங்கே ஒரு மூச்சு இடைவெளி விட்டு, கோரலை அழகான தனிப் பாட்டாகத் தொடங்கிவிடுகின்றன. அழகாக இருக்கிறது, ஆனால் பதிலாக இல்லை. மசாக்கி சுசுகி ஜப்பானியப் பாடகர்களோடு செய்த 1999 பதிவில் அந்த ‘நான்தான்’ தாமதமில்லாமல், குரல் உயர்த்தாமல் வருகிறது. அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் எண்ணிக்கை பற்றியும் எழுதியிருந்தாய். 1730இல் லைப்சிக் நகர சபைக்குக் கொடுத்த மனுவில், ஒவ்வொரு குரல் பாகத்துக்கும் குறைந்தது மூன்று பேர், நான்கு பேர் இருந்தால் நல்லது என்று பாஹே எழுதியிருக்கிறார். ஒரு பாகத்துக்கு ஒரே குரல்தான் என்று 1981இல் இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. நடத்துநர் பால் மெக்ரீஷ் அந்த வழியில் டென்மார்க்கின் ரோஸ்கில்டே பேராலயத்தில் பதிவு செய்ததைக் கேட்டுப் பார். கூட்டத்தின் ஆவேசம் கொஞ்சம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் சுவிசேஷகனாகக் கதை சொல்லும் டெனர் (ஆண்களின் மேல்குரல்) மார்க் பேட்மோரே, ‘சிலுவையில் அறையும்’ என்று கத்துகிற கூட்டத்திலும் நிற்கிறார். பாஹ் காலத்துக் கையெழுத்துப் பிரதியிலும் அப்படித்தான். சுவிசேஷகனின் வரிகளும் முதல் குழு டெனரின் கோரஸ் வரிகளும் ஒரே தாளில்தான் இருக்கின்றன. சாட்சி சொல்கிறவன் கூட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை. இது தெரிந்த பிறகு என்னால் மத்தேயு பாடுகளைப் பழையபடி கேட்க முடியவில்லை.

அப்புறம், ஹார்னன்கோர்ட் நடத்திய 1970 பதிவு. பழங்காலக் கருவிகள், பெண் குரலே இல்லை, சோப்ரானோ பாடுவது சிறுவர்கள், ஆல்ட்டோ (அதற்கு அடுத்த குரல்) தனிப்பாடல்களைப் பாடுவது வளர்ந்த ஆண்கள். சில இடங்களில் சுருதி தள்ளாடும். ஆனாலும் கூர்ட் எக்விலூஸ் கதை சொல்வதற்காகவே உன் பிள்ளைகள் அதைக் கேட்கவேண்டும். பேதுரு மனங்கசந்து அழும் இடத்தில் அவர் அழுது காட்டுவதில்லை. சொல்லைச் சொல்கிறார், நமக்குத் தொண்டை அடைக்கிறது.

பிள்ளைகளுக்கு முழுதாகப் போடாதே. மூன்று மணி நேரத்துக்கு அவர்கள் தாங்கமாட்டார்கள். நமக்குத் தெரிந்த ராகத்தில் தொடங்கு. ‘இரத்தம் காயம் குத்தும்’ பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் அவர்கள் வருடா வருடம் பாடுவதுதானே. அதே ராகம் மத்தேயு பாடுகளில் ஐந்து முறை வருகிறது, சுரக்கட்டு மாறி மாறி. இயேசு ஜீவனை விட்டார் என்று டெனர் சொல்லி முடித்த மறுகணம் வருவது ஐந்தாவது. ‘நான் ஒருநாள் பிரியும்போது நீர் என்னைவிட்டுப் பிரியாதேயும்’ என்று சபை கேட்கும். அதன் கீழே ஆல்ட்டோவும் டெனரும் பாஸும் அரைச்சுரம் அரைச்சுரமாக நழுவுவார்கள், கால் வைத்த இடம் உறுதியாக இல்லாததைப் போல. சில நடத்துநர்கள் இதைக் காதில் விழாத அளவுக்கு மெதுவாகப் பாடவைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பயந்துபோன மனிதர்கள் கேட்கும் விண்ணப்பம் அது, அதைச் சத்தமாகத்தான் கேட்பார்கள்.

க்ளெம்பரரையும் அங்கே ஒருமுறை போடு. அந்த இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை எழுதாமல் விடுகிறேன். நீ கேட்டுவிட்டு எழுது. டெனர் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கேள், நாம் இரண்டு பேரும் பின்வரிசையில் நின்று பாடிய வரி.

கல்யாணத் தேதி முடிவானதும் சொல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய டெனர்