தலை இழந்த கிளிகள், பெயர் இழந்த சிற்பிகள்: ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நிர்வாகத்தினருக்கு, வணக்கம்.

உங்களிடம் நான் கேட்கப்போவது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டடத்தின் தலைவாசலில், அதைச் செதுக்கிய சிற்பிகள் ஜேம்ஸ் ஓஷே, ஜான் ஓஷே, எட்வர்ட் வீலன் ஆகிய மூவரின் பெயரையும் கல்லில் வெட்டி வையுங்கள். அந்த வாசலில் முகம் சிதைந்து நிற்கும் பறவைகளை யாரும் சரிசெய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை அப்படி ஆன கதையைச் சொல்லும்போது அதை வேடிக்கைக் கதையாகச் சொல்வதை நிறுத்துங்கள்.

உங்கள் வெளியீடுகளில் ஓஷே சகோதரர்களின் பெயர் வருகிறது என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது அதுவல்ல. உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு சுற்று வந்து பாருங்கள். அரிஸ்டாட்டில், கலிலியோ, நியூட்டன், லின்னேயஸ், டார்வின் எல்லாரும் சிலையாக நிற்கிறார்கள். சுற்றியுள்ள தூண்கள் ஒவ்வொன்றும் பிரிட்டன், அயர்லாந்து மண்ணின் ஒவ்வொரு வகைக் கல். நிலவியல் பேராசிரியர் ஜான் ஃபிலிப்ஸ் தேர்ந்தெடுத்தவை. தூணின் அடியில் அது என்ன கல், எந்த ஊர்க் கல் என்று பெயர் எழுதியிருக்கிறது. தூணின் தலையில் இருக்கும் செடி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் திட்டமிட்டு வரிசைப்படுத்தப்பட்டதுதான். கல்லுக்குப் பெயர் இருக்கிறது, செடிக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் கல்லில் அந்தச் செடியைக் கொண்டுவந்தவனுக்கு மட்டும் அங்கே பெயர் இல்லை.

1860 ஜூனில் டார்வினின் பரிணாமக் கொள்கையைப் பற்றி விஞ்ஞானி ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் உங்கள் கட்டடத்தில் மோதிக்கொண்ட விவாதத்தின் நினைவாக வெளியே கல் நாட்டியிருக்கிறீர்கள். நல்லதுதான். அந்த விவாதம் ஒரு நாள் நடந்தது. ஓஷே சகோதரர்கள் அதே கட்டடத்தில் வருஷக்கணக்காக உளி பிடித்தார்கள்.

அவர்கள் யார் என்று இந்த மடலைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் பாலிஹூலி என்று ஒரு சிற்றூர். ஜேம்ஸும் ஜானும் அந்த ஊர்க் கல்தச்சர்கள். எட்வர்ட் வீலன் அவர்களின் உறவுக்காரப் பையன். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் கடுமையாகத் தாக்கிய பகுதிகளில் கார்க்கும் ஒன்று. பஞ்சம் ஓய்ந்த கொஞ்ச நாளில் இவர்களை டப்ளினில் பார்க்கிறோம். டிரினிட்டி கல்லூரியின் மியூசியம் கட்டடத்தை, 1853 முதல் 1857 வரை, டீன் – உட்வர்ட் என்ற கட்டடக்கலை நிறுவனம் கட்டியது. அதில் பெஞ்சமின் உட்வர்ட் ஒரு காரியம் செய்தார். அந்தக் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு இலைக்கும் படம் வரைந்து கொடுத்து ‘இதை அப்படியே வெட்டு’ என்று சொல்லவில்லை. இடத்தைக் காட்டி, செடிகொடிகளையும் பறவைகளையும் அவர்களே பார்த்து, அவர்களே யோசித்துச் செதுக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைக்கும் டப்ளினில் அந்தச் சுவரைப் பார்த்தால் தெரியும்: ஒரு தூண்தலை போல இன்னொன்று இல்லை.

அதே உட்வர்ட்தான் ஆக்ஸ்ஃபோர்டு போட்டியில் வென்று உங்கள் கட்டடத்தை வடிவமைத்தார். 1855இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஓஷே சகோதரர்களை அவர் இங்கே அழைத்துவந்தார். தினமும் காலையில் அந்தச் செந்தாடி அயர்லாந்துக்காரர்கள் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்திலிருந்து பச்சைச் செடிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று அந்தக் காலத்தில் பார்த்தவர் எழுதிவைத்திருக்கிறார். தூண்தலைக் கற்களை முரடாகவே தூக்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் சாரத்தில் ஏறி நின்று, செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கேயே செதுக்குவார்கள். இந்த முறையில் ஒரு இலை தவறிப்போனால் கல்லை மாற்ற முடியாது. மேலே கட்டடத்தின் பாரம் உட்கார்ந்திருக்கும். செடியோ சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அதற்குள் இலை எப்படி மடிகிறது, காம்பு எங்கே கிளைக்கிறது என்று கண்ணால் பிடித்துக் கையால் கல்லில் இறக்க வேண்டும். அவர்கள் வெட்டிய இலைகளுக்குப் பின்னால் நிழல் விழும் அளவுக்கு உளி போயிருக்கிறது. பணம் தீர்ந்துபோனதால் வெறும் கட்டியாக நின்ற தூண்தலைகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு சிற்பிகள் முடித்தார்கள். அவர்களும் கைதேர்ந்தவர்கள்தான். ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு எது யாருடையது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, வாசலில் அந்தப் பறவைகள் முகம் சிதைந்த கதைக்கு வருகிறேன். அது குரங்குகளில் தொடங்குகிறது. உங்கள் அருங்காட்சியகம் உருவாகக் காரணமாக இருந்த மருத்துவர் ஹென்றி ஆக்லண்ட் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதிவைத்த கதை இது. ஜேம்ஸ் ஓஷே முகப்புச் சன்னலில் குரங்குகளைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். பல்கலைக்கழகத்துப் பெரியவர் ஒருவர் வந்து, பல்கலைக்கழகச் சொத்தைப் பாழாக்காதே, கீழே இறங்கு என்றாராம். மறுநாள் ஓஷே அதே இடத்தில் பூனைகளைச் செதுக்கினாராம். கடைசியில் அவருக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகும் ஒருநாள் அவர் தனியாக ஏணியில் நின்று, தலைவாசலில் ஆவேசமாக அடித்துக்கொண்டிருந்ததை ஆக்லண்ட் பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, கிளிகளும் ஆந்தைகளும், கான்வகேஷன் உறுப்பினர்கள் என்று ஓஷே கத்தினாராம். கான்வகேஷன் என்பது பல்கலைக்கழக விவகாரங்களில் வாக்களிக்கும் பட்டதாரிகள் சபை. தலைகளைத் தட்டிவிடு என்றார் ஆக்லண்ட். தட்டினார்.

இந்தக் கதையை எல்லாரும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். ஆக்லண்டே ஓஷேயின் அயர்லாந்து உச்சரிப்பை எழுத்துக்கூட்டிக் காட்டித்தான் எழுதியிருக்கிறார். வழிகாட்டிகள் அந்தக் குரலில் பேசிக்காட்ட, கூட்டம் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் நடந்தது என்ன? ஒரு தொழிலாளிக்கு வேலை போயிருக்கிறது. தான் செய்ததைத் தன் கையாலேயே உடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அவருக்கு நண்பராக இருந்தவர். வயதான காலத்து நினைவில் கதை எவ்வளவு மெருகேறியது என்று வாதாடலாம். பண நெருக்கடிக்கும் அவர் வேலை போனதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். பல்கலைக்கழகம் 30,000 பவுண்டு கொடுத்தது கட்டடத்தின் கூட்டுக்கு மட்டும். செதுக்கு வேலைக்கெல்லாம் நன்கொடையை நம்பியிருந்தார்கள், அது வற்றிவிட்டது. முகப்பில் சில சன்னல்கள் செதுக்கு வேலையோடும் மற்றவை மொட்டையாகவும் நிற்பது அதனால்தான். எது எப்படியிருந்தாலும், கிளிகளும் ஆந்தைகளும் சிதைந்த தலையோடு உங்கள் வாசலில்தான் இருக்கின்றன. மழையோ பனியோ அதைச் செய்யவில்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் செய்ததில்தான். 1853இல் வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது, கல் செதுக்குகிறவனை இயந்திரமாக்காதீர்கள், அவன் யோசிக்கட்டும், தப்புச் செய்தாலும் அது மனிதனின் வேலை என்று முழங்கியவர் அவர். உங்கள் கட்டடத்துக்காகப் பணம் கொடுத்தார், பேசினார், எழுதினார். அந்தக் கொள்கையை நம்பித்தான் ஓஷே குரங்கு, பூனை, நாய், முயல் என்று செதுக்க ஆசைப்பட்டு ஆக்லண்டுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் 1877இல் இதே ஆக்ஸ்ஃபோர்டில் உரையாற்றியபோது ரஸ்கின் என்ன சொன்னார் தெரியுமா? கையில் அகப்பட்ட முதல் துடிப்பான அயர்லாந்துக்காரனை இஷ்டம்போல் செய்யவிட்டால் ஒரு மகத்தான தேசியக் கலைச்சின்னம் கிடைத்துவிடும் என்று தான் ஒருநாளும் சொல்லவில்லை என்றார். பெயர்கூடச் சொல்லவில்லை. அதற்குள் உட்வர்ட் இறந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. 1861இல், நாற்பத்து நான்கு வயதில், பிரான்சின் லியோன் நகரில் காசநோயால் போய்விட்டார். உயிரோடு இருந்திருந்தால் தன் ஆட்களுக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டோடு அவர்கள் வேலை முடிந்துவிடவில்லை. கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் மான்செஸ்டரில் கட்டி 1864இல் முடித்த அசைஸ் நீதிமன்றத்தில், பழங்காலத் தண்டனை முறைகளைத் தூண்தலைகளில் செதுக்கினார்கள். அந்தக் கட்டடம் இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் சிதைந்து, 1957இல் இடிக்கப்பட்டது. மீட்ட சில சிற்பங்கள் அங்கே இப்போதைய நீதிமன்றத்தில் இருக்கின்றன. டப்ளினில் கில்டேர் தெரு கிளப் கட்டடத்துத் தூண்களின் அடியில் குரங்குகள் பில்லியர்ட்ஸ் ஆடும் புகழ்பெற்ற சிற்பம் இருக்கிறதே, அதைச் செய்தது ஓஷேயா, சார்லஸ் ஹாரிசன் என்ற இன்னொரு சிற்பியா என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. அந்தக் காலத்தில் செதுக்கியவர் பெயரை ஒரு ஓரத்தில் வெட்டி வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். மான்செஸ்டர் வேலை பெரும்பாலும் போய்விட்டது, கில்டேர் தெரு வேலை யாருடையது என்றே தகராறு. இங்கிலாந்தில் அவர்கள் கை நிறையப் பதிந்து, சந்தேகத்துக்கு இடமின்றி அவர்களுடையது என்று சொல்லத்தக்க பெரிய கட்டடம் உங்களுடையதுதான்.

எப்படிச் செய்யலாம் என்றும் யோசித்திருக்கிறேன். தலைவாசலின் உட்பக்கச் சுவரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் பெயர்கள் இருக்கட்டும். பித்தளைத் தகடு வேண்டாம். கல்லெழுத்து வெட்டுகிறவர்கள் இங்கிலாந்தில் இன்னமும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். பாலிஹூலி என்ற ஊர்ப் பெயரும் சேரட்டும். கல்லுக்கு ஊர் எழுதிய நீங்கள் ஆளுக்கும் எழுதலாம். பின்னால் வந்து மிச்சத் தூண்தலைகளை முடித்தவர்களின் பெயர்கள் உங்கள் ஆவணங்களில் இருக்கும், அவற்றையும் கீழே சேருங்கள். தலைவாசல் வளைவில் ஓவியர் ஹங்கர்ஃபோர்ட் போலன் வடிவமைத்த வேலை பாதியில் நிற்கிறது. அதையும் நிறைவுசெய்ய முயல வேண்டாம். பணம் எங்கே நின்றது, உத்தரவு எங்கே விழுந்தது என்று காட்டும் இடங்கள் அவை. பறவைகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு போதும்: இவற்றைச் செதுக்கியவர் ஜேம்ஸ் ஓஷே, இவற்றின் தலைகள் சொல்லித் தட்டப்பட்டவை என்று ஆக்லண்ட் எழுதியிருக்கிறார்.

இதற்கு ஆகும் செலவில் என் பங்கைத் தரத் தயாராக இருக்கிறேன். செதுக்கு வேலைக்குப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்பது உங்கள் கட்டடத்துக்குப் புதிதில்லை. கேளுங்கள், கொடுப்பார்கள். உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவு எதுவானாலும் பொதுவில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தூண்களைப் பார்க்க அடிக்கடி வந்துபோகும் ஒரு தமிழர்