செவலைக்கு மறுபடியும் காயம்

கல்குடா,
பங்குனி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ரொரன்ரோவில் குதிரையோட்டம் பழகுகிறாள் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை காலமும் என் குதிரை செவலையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினால் நீ இரண்டு வரியில் பதில் போடுவாய். இப்போதுதான் ஒழுங்காகக் கேள்வி கேட்டிருக்கிறாய். அதில் ஒன்று, "அந்தக் காயக்காரனை இன்னும் விற்கவில்லையா?" விற்கவில்லை. ஏன் என்று சொல்ல வந்தால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ப் புதினம். மாரி வெள்ளாமை வெட்டி முடிந்தது. சின்னவன் வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகத் தொடங்கிவிட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது. அம்மா சுகம். தனக்கு வேண்டியது மட்டும் காதில் விழுகிறது, மற்றது விழுவதில்லை.

சரி, செவலைக்கு வருவோம். தைக் கடைசியில் பின்னங்காலைக் கிழித்துக்கொண்டான். பின்வளவு வேலியோரம், புல்லுக்குள், யுத்தகாலத்து முள்ளுக்கம்பி ஒரு துண்டு கிடந்திருக்கிறது. அங்கே அது கிடப்பது எங்கள் யாருக்கும் தெரியாது, அவன் கண்டுபிடித்துவிட்டான். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. தோல், தசைநார், எலும்பு, அவ்வளவுதான். அதனால் அந்த இடத்துக் காயம் ஆற மாதக்கணக்காகும். அதைவிட மோசம், தோல் வந்து மூடுவதற்குள் உள்ளேயிருந்து சிவப்புச் சதை புடைத்துக்கொண்டு வளரும். அது விளிம்பைத் தாண்டி வளர்ந்துவிட்டால் தோல் அதன்மேல் ஏறாது, வைத்தியர் வந்து வெட்டித்தான் விடவேண்டும். அந்தச் சதையில் நரம்பு இல்லாததால் அவனுக்கு வலிக்காது. இரத்தம் மட்டும் நன்றாக ஓடும், பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

எங்கள் மிருக வைத்தியர் மாடும் எருமையும் பார்த்துப் பழகியவர். பேராதனையில் தன்னோடு படித்த ஒருவரை போனில் பிடித்து, படம் எடுத்து அனுப்பி, கேட்டுக் கேட்டுத்தான் இவனுக்கு வைத்தியம் செய்கிறார். கெட்டிக்காரர், தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார். ஏற்பு ஊசி, அதுதான் டெட்டனஸ் ஊசி, போட்டிருக்கிறதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வளர்க்கிற மிருகங்களில் குதிரைக்குத்தான் ஏற்புவலி மிக இலகுவில் பிடிக்குமாம். கிருமி மண்ணிலும் இலத்தியிலும் இருக்கிறது, ஒரு துருப்பிடித்த ஆணி போதும். நல்லவேளை, ஊசி தவறாமல் போட்டிருந்தோம்.

கண்ணூறு என்கிறார் அம்மா. தேசிக்காய் வெட்டி, மிளகாய் சுற்றி, கழுத்தில் கறுப்பு நூலும் கட்டிவிட்டார். கட்டட்டும், நூலால் கேடில்லை. ஆனால் என் கணக்கில் அவனுக்குக் கண் வைத்திருக்கும் இடமே முக்கால் காரணம். இரண்டு கண்ணும் தலையின் பக்கவாட்டில். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். எங்கேயோ ஒன்று அசைந்தால் ஓடிவிட்டுப் பிறகுதான் என்னவென்று பார்ப்பான். குதிரைச் சாதிக்கே அது உயிர் காத்த குணம், வளவுக்குள் அடைத்து வைத்தால் அதே குணம் காலைக் கிழிக்கிறது. இவன் நுவரெலியாவில் சித்திரைப் பந்தயத்துக்கு வளர்ந்தவன் வேறு. புல்லும் கம்பி வேலியும் லாயமும்தான் அவனுடைய உலகம். பாசிக்குடாவில் சுற்றுலாக்காரரை ஏற்ற ஒருவர் கொண்டுவந்து, அவர் வெளிநாடு போகும்போது என்னிடம் வந்துசேர்ந்தான். தகரம், தார்ப்பாய், காற்றில் அடிக்கிற கிடுகு, கல்குடா ஸ்டேசனில் ரயில் கோன் எல்லாம் அவனுக்குப் புதிது.

தகரத்துக்குப் பயப்படுகிறான் என்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். 1978 கார்த்திகைச் சூறாவளி இரவில் உங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே நாமிரண்டு பேரும் எதற்கு நடுங்கிக்கொண்டு கிடந்தோம்?

ஆகவே, குதிரை வளர்ப்பு என்று நான் செய்வதில் பாதி வேலை வளவு துப்புரவாக்குவதுதான். குனிந்து, அவன் முழங்கால் உயரத்தில் நின்று பார்த்தால்தான் கம்பியும் ஆணியும் தெரிகின்றன. முள்ளுக்கம்பி முழுவதையும் கழற்றி மரச்சட்டம் அடித்தாயிற்று. தார்ப்பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிப் பழக்குகிறேன். இதில் ஒரு வேடிக்கை, இடப்பக்கம் காட்டிப் பழக்கியதை வலப்பக்கம் மறுபடி முதலிலிருந்து காட்டவேண்டும். அந்தக் கண்ணுக்கு அது வேறு தார்ப்பாய் போல.

காலையில் சேணத்தைத் தொடுவதற்கு முன் நாலு காலையும் கையால் தடவிப் பார்ப்பேன். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, கிணற்றுத் தண்ணீர் ஊற்றல்தான். குளம்பைத் தூக்கி மண்ணும் கல்லும் கிளறி எடுப்பேன். மாரியில் சேற்றில் நின்றால் குளம்பின் நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி அழுகி, கறுப்பாகி, ஒரு நாற்றம் நாறும் பார், சோறு இறங்காது. காய்ச்சல் 38.5 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலோ, சும்மா நிற்கும்போது நாடி நிமிசத்துக்கு 44ஐத் தாண்டினாலோ வைத்தியருக்குப் போன். எல்லாம் மகனுடைய பழைய கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

காயத்தைவிட எனக்குப் பயம் வயிற்றுக் குத்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது அந்தப் பக்கத்தால்தான் வரவேண்டும். நம் ஊர் நிலமோ வெறும் மணல். கட்டைப் புல்லைக் கடிக்கும்போது மணலும் சேர்ந்து போய்க் குடலில் படிந்துவிடும். அதனால் தீனி எல்லாம் சீமெந்துத் தொட்டியில். இடைக்கிடை இலத்தியை வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் எவ்வளவு மணல் தங்குகிறது என்று பார்ப்பேன். இதைப் பார்த்து ஒழுங்கைப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டத்தை எழுதமாட்டேன்.

அயலார் அன்பாகத் தவிடு கொண்டுவந்து தருவார்கள், மாட்டுக்குக் கொடுப்பதுபோல. தவிட்டில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. நாள்தோறும் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை உறிஞ்சி எடுக்கத் தொடங்கி, முகத்து எலும்பே வீங்கிவிடும். வேண்டாம் என்றால் மனம் நோகும், வாங்கி எங்கள் பசுவுக்குப் போடுகிறேன். இவனுக்குக் காய்ந்த புல்தான், நாளுக்கு எட்டு ஒன்பது கிலோ. தண்ணீர் முப்பது நாற்பது லீற்றர், கச்சான் காற்று வீசும் காலத்தில் அதற்கும் மேல்.

ஓட்டம் எப்படி என்று கேட்டாயே. இவ்வளவு வேலைக்கும் கிடைப்பது விடியலில் அரை மணித்தியாலம். கடற்கரையில் அலை நனைத்து இறுகிய மணலில்தான் ஓட்டுவேன். காய்ந்த மணலில் கால் புதைந்து தசைநார் இழுபடும். கரைவலை இழுக்கிற நாளென்றால் கயிறு கிடக்கும், அன்றைக்கு அந்தப் பக்கமே போவதில்லை. மற்ற நாட்களில், கடலிலிருந்து வெயில் ஏறுகிற நேரம், அவன் பாய்ச்சலில் போகும்போது பிடரி முகத்தில் அடிக்கும். அதை எழுத்தில் உனக்குச் சொல்ல எனக்கு வராது. வந்து பார்.

மிரண்டால் இரண்டு கையாலும் இழுக்கக்கூடாது என்று மகளுக்குச் சொல். பந்தயக் குதிரை கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது, இழுக்க இழுக்க வேகம் கூடும். ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி வட்டம் போடவைக்கவேண்டும். பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் கடப்படிக்கு வந்த நாள் அதுதான் என்னைக் காப்பாற்றியது. பாண்காரத் தம்பி இப்போது எங்களைத் தூரத்தில் கண்டாலே பாட்டை நிறுத்திவிடுவான். இவனுக்கு ஊர் கொடுத்திருக்கும் பெரிய மரியாதை.

இவனை விற்றால், வாங்குகிறவர் குனிந்து வளவைப் பார்ப்பாரா? பார்க்கக்கூடிய ஒருவரை இந்தப் பக்கம் நான் இன்னும் காணவில்லை. அதுதான் விற்காத கதை.

ஆவணியில் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். நல்ல காலம், மழை இராது, கால் ஆறியிருக்கும். மகள் தன் ஹெல்மெட்டைக் கொண்டுவரட்டும், இங்கே இருப்பது என் தலைக்கு வாங்கியது. அவள் ஓட்டலாம், முதல் நாள் நான் கயிறு பிடிப்பேன். நீயும் ஏற ஆசைப்படுவாய் என்று தெரியும். குதிரை தன் எடையில் ஐந்திலொரு பங்குதான் சுமக்கலாம். செவலை 450 கிலோ வருவான், அப்படியென்றால் சேணத்தோடு சேர்த்து 90. போன தீபாவளிக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தபிறகுதான் கேட்கிறேன், அடுத்த கடிதத்தில் உன் நிறையை எழுது. உண்மையான நிறையை.

அன்புடன்,
உன் மச்சான்