தேங்காய் பன்னுக்குக் கரையாத கோபம்

ரென்பை என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் காதல் கதை கட்டிக்கொண்டிருக்கும் சிறு குழுக்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் உங்கள் விஷுவல் நாவலின், அதாவது ஓவியமும் வசனமுமாக ஓடி, ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் பதிலுக்கேற்பப் பிரியும் கதை விளையாட்டின், முதல் வரைவை அனுப்பி, ஆடிப் பார்த்துக் குறை சொல்லுமாறு என்னிடம் கேட்கிறீர்கள். ஒரே குறையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆகவே எல்லோருக்குமாக இந்த மடல்.

அண்மையில் வந்த வரைவு ஒன்றில் நாயகி மைக்செட் கடை நடத்துகிறாள். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டு பேசுகிற பெண். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் உரையாடலில் வேண்டுமென்றே மோசமான பதிலைத் தேர்ந்தெடுத்தேன். கடையை அடகு வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போன அவளுடைய அப்பாவைக் கிண்டல் செய்யும் பதில். அவள் முகம் சுருங்கிய ஓவியம் வந்தது. மறுநாள் ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். சிரித்த ஓவியம் வந்தது. பத்தாம் நாள் மழையில் நனைந்தபடி, தன்னை இவ்வளவு புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை என்று என்னிடம் அழுதாள். விளையாட்டின் நிரல் எழுதிய கோப்பைத் திறந்து பார்த்தேன். கிண்டலுக்கு இரண்டு புள்ளி கழிவு, பன்னுக்கு இரண்டு புள்ளி வரவு. கணக்கு நேராகிவிட்டது.

பலசரக்குக் கடைக் கடன் இப்படித் தீரும். அப்பாவைப் பற்றிச் சொன்ன சொல் தீராது.

இந்தப் புள்ளிக் கணக்கு ஜப்பானில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றியது. 1994இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட டோக்கிமெக்கி மெமோரியல் என்ற காதல் விளையாட்டில் உயர்நிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளையும் எண்களை ஏற்றி இறக்கியே கழிக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு குறும்பு உண்டு. ஒரு பெண்ணை நீண்ட நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் அவள் பெயருக்கு எதிரே ஒரு வெடிகுண்டு தோன்றும். அது வெடித்தால் உங்களைப் பற்றிய பேச்சு பரவி, மற்றப் பெண்களுக்கும் உங்கள் மேலிருந்த விருப்பம் குறையும். முரட்டுத்தனமான ஏற்பாடுதான். ஆனால் நீங்கள் இல்லாத இடத்திலும் அந்தப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பதாவது அந்த விளையாட்டுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வரைவுகளில் பாதிக்கு மேல் இது தெரியாது. நீங்கள் கடையை விட்டு வெளியே போனதும் மைக்செட் கடைக்காரி மின்விசிறியைப் போல நின்றுவிடுகிறாள்.

கூட்டல் கழித்தலை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி நினைவில் வைத்துக்கொள்ளும் மாறிகளை எழுதுங்கள். 'அப்பாவைக் கிண்டல் செய்தான்: ஆம்' என்று ஒரு வரி போதும். ரென்பைக்கு இரண்டும் ஒரே வேலைதான். எழுதுபவருக்குத்தான் வேலை கூடும், ஏனென்றால் அந்த 'ஆம்' ஏழாம் நாளிலோ கடைசி நாளிலோ அவள் வாய்வழியாக வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் அதுவும் செத்த எண்தான்.

சரியான பதில் என்று ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. அதில் ஒரு காட்சி. அவன் தும்முகிறான். அவள் வழக்கப்படி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயாலேயே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிப் பார்க்கிறான். உமக்கு வேண்டியவர் உம்மை நினைப்பதை என்னிடமிருந்து மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை. தும்மினாலும் அழுகை, அடக்கினாலும் அழுகை. இதைத் தேர்வுப் பட்டியலாகப் போட்டு எந்தப் பக்கம் புள்ளி தருவீர்கள்? ஆனால் ஒன்று, இரண்டையும் ஆடிப் பார்த்தவருக்கு அவளை நன்றாகவே தெரிந்திருக்கும். ஒரு தேர்வு எனக்குச் செய்து தர வேண்டியது அவ்வளவுதான்.

நீங்கள் அடிக்கடி முன்மாதிரி காட்டும் கதாவா ஷோஜோவுக்கு வருகிறேன். இணையத்தில் சந்தித்த தன்னார்வலர்கள் சேர்ந்து, நீங்கள் வைத்திருக்கும் அதே ரென்பையில் செய்து, 2012 ஜனவரி 4 அன்று இலவசமாக வெளியிட்ட நாவல். நாயகிக்கு ஒன்றாகப் பிரியும் அதன் ஐந்து காதல் பாதைகளையும் ஐந்து பேர் எழுதினார்கள். நான் திரும்பத் திரும்பப் போவது ஹனாகோவின் பாதைக்கு. சிறுவயதில் வீடு தீப்பற்றியதில் பெற்றோரை இழந்தவள், முகத்திலும் உடலிலும் தழும்புகள், கூட்டம் என்றாலே ஒதுங்கி ஓடுபவள். நாயகன் ஹிசாவோவுக்கு இதயத் துடிப்பில் கோளாறு. இப்படிப்பட்ட பெண்ணைக் கண்டால் நமக்கு முதலில் என்ன தோன்றும்? அரவணைக்க வேண்டும், விழுந்தால் தாங்க வேண்டும். அந்தப் பாதை ஆடுபவரின் இந்த நல்லெண்ணத்தையே பொறியாக வைக்கிறது. அவளைக் காப்பாற்றப்பட வேண்டியவளாக மட்டுமே பார்த்து, தனியே இருக்க விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால், தன்னை ஒரு குழந்தையாக நடத்துகிறான் என்று வெடித்து அவனைத் துரத்திவிடுகிறாள். கதை அங்கே முடிந்துவிடும். நல்ல முடிவை எட்ட வேண்டுமானால் அவன் அவளைக் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். முதல் முறை ஆடியபோது நான் துரத்தப்பட்டேன். இரண்டு நாள் எரிச்சல். மூன்றாம் நாள்தான் அவள் பக்கம் நியாயம் இருப்பது உறைத்தது.

இந்தத் துரத்தலை எழுதும் துணிவு உங்கள் வரைவுகளில் இல்லை. உங்கள் நாயகிகளுக்கு மறுக்கத் தெரியாது. மறுக்கத் தெரியாதவள் சொல்லும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

நாயகனைப் பற்றியும் ஒரு சொல். யாரைக் காதலித்தாலும் அவன் அதே ஆளாக வெளியே வந்தால் நாயகியின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும், தனிப் பாதை வீண். 2004இல் வந்த ஃபேட்/ஸ்டே நைட் என்ற விஷுவல் நாவல் தன் மூன்று பாதைகளையும் குறிப்பிட்ட வரிசையில்தான் திறந்துவிடும். எல்லோரையும் காக்கும் வீரனாக வேண்டும் என்ற அதன் நாயகன் ஷிரோவின் கனவை முதல் இரண்டு பாதைகளும் உரசிப் பார்க்கின்றன. மூன்றாவதில் அந்தப் பாதையின் நாயகி சகுரா ஒருத்திக்காக அந்தக் கனவையே அவன் கைவிடுகிறான். அந்த விலையைக் கண்ட பிறகு, அவன் அவளைக் காதலிக்கிறான் என்று தனியாக வசனம் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்கள் குறைவு, ஓவியத்துக்கும் இசைக்கும் கைக்காசு போகிறது, ஐந்து பாதைக்கும் இப்படி எழுத எங்கே நேரம் என்பீர்கள். எனில் இரண்டு பாதை போதும். ஐந்து பேர் முகப்புத் திரையில் வரிசையாக நிற்பது அழகுதான், ஜவுளிக்கடைப் பொம்மைகளும் அப்படித்தான் நிற்கின்றன.

மைக்செட் கடைக் குழுவிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நான்காம் நாளைத் திருத்தி அனுப்புங்கள். அவள் பன்னை வாங்கிக்கொள்ளட்டும், பசி இருந்தால் தின்னவும் செய்யட்டும். ஆனால் பாதி தின்றுவிட்டு, நேற்றுச் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல் பார்ப்போம் என்று கேட்கட்டும். எனக்கு மூன்று பதில் கொடுங்கள், மூன்றும் கஷ்டமாக இருக்கட்டும். அன்று கடை சீக்கிரமே மூடிவிட்டாலும் பரவாயில்லை. ஐந்தாம் நாள் திரும்ப வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரைவுகளை ஆடிப் பார்ப்பவள்