கழுத்துல இறகில்லாத கோழிய அறுக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட படுவான்கரைப் பக்கம் இப்ப கனபேர் ரோட் ஐலண்ட் ரெட் எண்ட வெளிநாட்டு இனச் சேவல் வாங்கி ஊர்ப்பேடுகளோட விடுறாங்க, முட்டை கூடும் எண்டுதான், அது சரி, முதல் குஞ்சுகள் வளந்து நல்லாத்தான் இடும். ஆனா அதுகளையே தங்களுக்குள்ள சேத்தா அடுத்த தலைமுறையில ஒண்டு இடும் மற்றது இடாது, அடை கிடக்கிற குணமும் குறைஞ்சிரும், இங்குபேட்டர் இல்லாத வீட்டுல 21 நாள் முட்டைய வெச்சிப் பொரிக்க என்ன செய்யிற?

எனக்குப் பெரிய கவலை கழுத்துல இறகில்லாத கோழிகள்தான். வடிவில்லை எண்டு அதுகளத்தான் முதல்ல கறிக்கு அறுக்கிறாங்க, பாக்க வயிறு எரியுது. அந்தக் குணம் ஒரேயொரு ஜீனால வாறது, தாய் தகப்பன்ல ஒண்டுக்கு இருந்தாலே பாதிக் குஞ்சுக்காவது வரும். கச்சான் காத்து அனலா வீசக்குள்ள மத்தக் கோழியெல்லாம் வாயத் திறந்து இளைக்கும், இது பாட்டுக்கு மேயும், உடம்பு முழுக்க இறகு குறைவுதானே, இறகுக்குப் போற புரதமும் மிச்சம். முட்டைக்காகக் கலக்கிறவங்க இதுல ஒரு பேட்டையாவது சேருங்க, கலக்காத ஊர்ச்சேவல் ரெண்டு மூண்டயும் தனியா வைங்க. கால்நடை வைத்தியர் காரியாலயங்கள் குஞ்சு குடுக்கக்குள்ள இதையும் விளங்கப்படுத்தினா பெரிய உதவி.

படுவான்கரை வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு